மாருதி 800-க்குள் பெரிய எஞ்சின்: இறக்குவது சுலபம், மற்றதுதான் வேலை

மாருதி 800 வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் ஒரு நாளாவது கேட்டுவிடும் கேள்வி: "அண்ணே, இதுல எஸ்டீம் எஞ்சின் வைக்க முடியுமா?" முடியும். மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் எஞ்சினை வைத்து ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சங்கிலியில் கட்டித் தூக்கி எஞ்சினை உள்ளே இறக்குவது பெரிய விஷயமே இல்லை. அதற்குப் பிறகுதான் கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ்ஷாஃப்ட், எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங், ரேடியேட்டர், வயரிங், பிரேக், கடைசியில் ஆர்.சி என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். ஆகவே எந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பதைவிட, எந்த எஞ்சின் வந்தால் மற்றவற்றில் எதையெல்லாம் தொடாமல் விடலாம் என்று பார்ப்பதே சரியான கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டால், எல்லோரும் ஆசைப்படும் எஞ்சின் பட்டியலில் கீழே போய்விடுகிறது.

800-ன் பிறப்பிலேயே ஓர் எஞ்சின் பெருக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தாரே, அந்தக் கார் ஜப்பானில் சுசுகி ஆல்டோ. அங்கே 'கெய்' என்று ஒரு சிறுகார் வகை உண்டு. வரியும் காப்பீடும் குறைவு, பதிலுக்கு எஞ்சின் அளவுக்கு அரசு வரம்பு வைத்திருந்தது. அப்போதைய வரம்பு 550 சிசி. அதற்குள் அடங்கும்படி சுசுகி செய்தது எஃப்5ஏ என்ற 543 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 60. வெளிநாட்டுக்கு இந்த வரம்பு கிடையாது என்பதால் அதே அமைப்பின் போரை 68.5 ஆகவும் ஸ்ட்ரோக்கை 72 ஆகவும் கூட்டினார்கள். வந்தது 796 சிசி, எஃப்8பி. நம் ஊரில் முப்பது ஆண்டுகள் ஓடியது இதுதான். 1986-ல் உடல் மாறியது. இன்றைக்குத் தெருவில் 800 என்று நாம் அடையாளம் காண்பது அந்த இரண்டாம் தலைமுறை உடலை. எஞ்சின் மாறவில்லை. சுமார் 650 கிலோ வண்டிக்கு நாற்பதை ஒட்டிய குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் டார்க். நான்கு பேர், ஏ.சி, ஏற்காடு மலைப்பாதை என்று மூன்றும் சேர்ந்தால் இந்த எண்களின் பொருள் தானாகப் புரியும்.

அதே தலைமுறை ஆல்டோவில் சுசுகி தன் நாட்டில் என்ன செய்தது என்று பார்த்தால் வயிறு எரியும். 1987-ல் ஆல்டோ வொர்க்ஸ் என்று ஒரு மாடல். எஞ்சின் அதே 543 சிசிதான், நம் 800-ஐவிடச் சின்னது. ஆனால் இரட்டை கேம்ஷாஃப்ட், பன்னிரண்டு வால்வு, டர்போ, இன்டர்கூலர் எல்லாம் சேர்த்து 64 குதிரைத்திறன் எடுத்தார்கள். கெய் கார்களுக்கு அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட எல்லையே அந்த 64-தான். உயர்ந்த மாடலுக்கு நான்கு சக்கர இழுவையும் உண்டு. ஆக, 800-ன் கூட்டுக்குள் 64 குதிரைத்திறன் உட்காருமா என்ற கேள்விக்கு 1987-லேயே பதில் வந்துவிட்டது. ஆனால் அந்த வண்டியை எஞ்சினிலிருந்து சக்கரம் வரை ஒரே கம்பெனி வடிவமைத்து, சோதித்து விற்றது. நம் பட்டறையில் நடப்பது வேறு வேலை.

இனி எஞ்சின்களின் குடும்பக் கணக்கு. இதில் தெளிவு இல்லாமல் பழைய உதிரிபாகச் சந்தைகளான சென்னை புதுப்பேட்டைக்கோ டெல்லி மாயாபுரிக்கோ போய் எஞ்சின் வாங்கினால் காசு போய்விடும்.

மாருதி வண்டிகளில் மூன்று எஞ்சின் குடும்பங்கள் நமக்கு முக்கியம். முதலாவது எஃப். 800-ம் ஆம்னியும் இதில்தான் வருகின்றன; 1999 இறுதியில் வந்த முதல் வேகன் ஆர், 2000-ல் வந்த முதல் ஆல்டோ, பழைய 970 சிசி ஜிப்சி எல்லாம் இதே குடும்பம். இரண்டாவது ஜி. 1993-ல் வந்த ஜென்னின் 993 சிசி, எஸ்டீமின் 1298 சிசி, பிற்கால ஜிப்சி, முதல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இதில் சேரும். மூன்றாவது கே. ஏ-ஸ்டார், ஆல்டோ கே10 முதலானவற்றில் வந்த 998 சிசி மூன்று சிலிண்டர். ஒரே குடும்பத்துக்குள் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் முகம், போல்ட் துளைகள் இருக்கும் இடம், மவுன்டிங் வரும் உயரம் ஆகியவற்றில் உறவு இருக்கும். குடும்பம் மாறினால் அந்த உறவு அறுந்துவிடும். கியர்பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் ஜியோ மெட்ரோ என்ற பெயரில் விற்ற சுசுகி சின்னக் காரில் மூன்று சிலிண்டர் ஜி10-ஐ எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் ஜி13-ஐ வைப்பது அங்கே பிரபலமான வேலை. காரணம் இதேதான்: இரண்டும் ஜி குடும்பம்.

படுக்கும் திசையும் உண்டு. 800-ல் எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது, இழுப்பது முன்சக்கரம். ஆம்னியிலும் ஜிப்சியிலும் எஞ்சின் நெடுக்காகக் கிடக்கிறது, சக்தி பின்னால் போகிறது. ஆம்னி எஞ்சினின் பிளாக் 800-க்கு உறவுதான் என்றாலும் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப், இன்டேக், மவுன்டிங் பிராக்கெட் எல்லாம் வேறு திசைக்காகச் செய்தவை. ஜிப்சி எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்து, பிறகு எஸ்டீம் சம்ப்பும் மேனிஃபோல்டும் தேடி அலைவது இதனால்தான்.

எஃப் குடும்பத்துக்குள் மேலே போக இரண்டு படிகள் உண்டு. முதல் படி எஃப்8டி. அதே 796 சிசி, அதே போர், அதே ஸ்ட்ரோக். ஆனால் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் முறை). ஆல்டோ இதை 46-ஐ ஒட்டிய குதிரைத்திறனோடு விற்றது. மாருதியே 2000-ல் இந்தப் பன்னிரண்டு வால்வு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் 800-ல் வைத்துச் சில காலம் விற்றிருக்கிறது. அந்த 800-ஐ ஓட்டியவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. கம்பெனியே இதே கூட்டில் வைத்துக் காட்டிய எஞ்சின் என்பதால் மவுன்டிங் எங்கே வரும், டிரைவ்ஷாஃப்ட் எவ்வளவு நீளம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டன்னுக்கு 57 குதிரைத்திறனாக இருந்தது 70-ஐத் தொடும். எண்ணில் சின்ன வித்தியாசம். ஆனால் ஐந்தாவது கியரோடு சேர்த்துப் பார்த்தால் நெடுஞ்சாலையில் வண்டியின் குணமே மாறிவிடும். எண்பதில் போகும்போது நான்கு கியர் 800 போடும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படி எஃப்10டி. 1061 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. வேகன் ஆரில் 60-ஐத் தாண்டிய குதிரைத்திறன், 84 நியூட்டன் மீட்டர். ஒரே ஆல்டோ உடலில் எஃப்8டியையும் இந்த எஃப்10டியையும் மாருதி இரண்டு மாடலாக விற்றது. ஒரு சிலிண்டர் கூடுவதால் எஞ்சின் நீளமாகிறது. 800-ன் குறுகிய பானெட்டுக்குள் ஒரு பக்கம் இடம் நெருக்கும். ரேடியேட்டரையும் பேட்டரியையும் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும் இயல்புள்ளது. 800-ன் ரப்பர் மவுன்டிங்குகள் அந்த ஆட்டத்தை அடக்கச் செய்தவை. நான்கு சிலிண்டரின் அதிர்வு வேறு மாதிரி. எனவே மவுன்டிங்கையும் வேகன் ஆரிலிருந்தே எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் ஐடிலில் ஸ்டீயரிங் நடுங்கும், டேஷ்போர்டில் வைத்த சில்லறை ஆடும். இந்த இரண்டு படிகளையும் தாண்டிப் போக நினைப்பவர்கள் எதற்காகப் போகிறோம் என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏனென்றால் அடுத்து வருவது எல்லோருடைய கனவான ஜி13. எஸ்டீமின் பதினாறு வால்வு எம்.பி.எஃப்.ஐ எஞ்சின் 85 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் தரும். ஜி குடும்பம் முழுக்க அலுமினியம் என்பதால் சிலிண்டர் கூடியும் எடை பயப்படும்படி ஏறாது. எழுநூறு கிலோவுக்குள் வண்டியை வைத்துக்கொண்டால் டன்னுக்கு 120 குதிரைத்திறனுக்கு மேல். காகிதத்தில் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும்.

பட்டறையில் இது எப்படிப் போகிறது? எஞ்சினோடு எஸ்டீம் கியர்பாக்ஸும் வருகிறது. அதிலிருந்து வெளியே வரும் டிரைவ்ஷாஃப்ட்டின் உள்முனைப் பற்கள் எஸ்டீமுக்கு, வெளிமுனையில் காத்திருக்கும் ஹப் 800-க்கு. இரண்டும் சேராது. நீளமும் வேறு. லேத்துக்காரர்கள் இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, இரண்டு ஷாஃப்ட்டையும் நடுவில் வெட்டி, ஒரு குழாயை உறையாகப் போட்டு வெல்டு வைப்பது. மலிவு, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் டிரைவ்ஷாஃப்ட் வெப்பப் பதம் கொடுத்துக் கடினமாக்கிய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதம் போய்விடும். சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், முழு லாக்கில் திருப்பி முதல் கியரில் அழுத்தும்போது, வெல்டுக்கு அரை அங்குலம் தள்ளி முறியும். இரண்டாவது வழி, நல்ல அலாய் எஃகில் புதிதாக ஷாஃப்ட் கடைந்து, இரண்டு முனையிலும் அந்தந்தப் பற்களை வெட்டி, மறுபடி வெப்பப் பதம் கொடுத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து மாட்டுவது. இதுதான் சரியான வழி. கோவை மாதிரி ஊர்களில் இதைச் செய்யத் தெரிந்த கைகள் நிறைய. விலையைக் கேட்டதும் பாதிப்பேர் முதல் வழிக்கே திரும்பிவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ஷாஃப்ட்டோடு சேர்த்து எஸ்டீமின் ஹப், நக்கிள், டிஸ்க் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவருவது. பிரேக்கும் பெரிதாகிவிடும் என்பது லாபம். ஆனால் பெரிய டிஸ்க் 800-ன் 12 அங்குல வீலுக்குள் நுழையாது. 13 அங்குல வீல் வேண்டும். வீல் வெளியே தள்ளிக்கொண்டு வந்து மட்கார்டில் உரசும். சக்கரங்களின் சாய்வு மாறும். அலைன்மென்ட் கடைக்காரர் தலையைச் சொறிவார். ஓர் எஞ்சினுக்காக ஆரம்பித்த வேலை இப்படித்தான் முழு முன்பக்கத்தையும் விழுங்கிவிடுகிறது.

கே10 எஞ்சினைப் பற்றி இப்போது பலர் பேசுகிறார்கள். 998 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினியம், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், 67 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர். நீளம் குறைவு என்பது 800-க்கு வசதி. ஆனால் வேறு குடும்பம் என்பதால் டிரைவ்ஷாஃப்ட் கதை மேலே சொன்னதுதான். போதாததற்கு எலக்ட்ரானிக்ஸ் தலைவலி மற்ற இரண்டையும்விட அதிகம்.

அந்தத் தலைவலி என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கார்புரேட்டர் 800 வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகுதான் எம்.பி.எஃப்.ஐ 800-க்கும் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் எஞ்சினுக்கு வயர் என்று இருப்பதே கொஞ்சம்தான்: இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஒன்றிரண்டு சென்சார். எம்.பி.எஃப்.ஐ எஞ்சினுக்கு ஈ.சி.யூ, அதாவது அதை நடத்தும் கணினிப் பெட்டி வேண்டும். அதற்குரிய முழு வயரிங்கும் எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியிலிருந்து வெட்டாமல் வர வேண்டும். கனெக்டருக்கு நான்கு விரல் தள்ளி வயரை நறுக்கி எடுத்த எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிந்தைய மாடல்களில் சாவியோடு பேசும் இம்மொபிலைசரும் உண்டு, அந்த ஈ.சி.யூ தன் சாவியைத் தேடும், கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. எனவே எஞ்சின் வாங்கும்போது ஈ.சி.யூ, இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றும் ஒரே வண்டியுடையவையா என்று பார்க்க வேண்டும். வேக சென்சாரும் அப்படித்தான். பழைய 800-ல் ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள்தான் போகும், ஈ.சி.யூவுக்கோ மின் சமிக்ஞை வேண்டும்.

பெட்ரோல் லைன்தான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினில் உள்ள சின்ன மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை மெதுவாக இழுத்துக் கொடுக்கும். அந்தக் குழாயில் அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. எம்.பி.எஃப்.ஐயில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. பத்து மடங்குக்கும் மேல். இருபது வருடம் வெயிலில் காய்ந்த பழைய ரப்பர் ஹோஸிலும் சாதாரண கிளிப்பிலும் அந்த அழுத்தத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஹோஸ் போவது சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில். ஹோஸ், கிளிப், ஃபில்டர், ரிட்டர்ன் லைன் எல்லாமே எம்.பி.எஃப்.ஐக்கு உரியதாகப் புதிதாகப் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வண்டியின் வேகம் 80-லிருந்து 120-க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்கு ஆகும். பழைய பல 800-களில் பிரேக் பூஸ்டரே கிடையாது. காலின் பலம்தான் பிரேக்கின் பலம். பிரிட்டனில் மினி காரின் 848 சிசி, 34 குதிரைத்திறன் எஞ்சினை 997 சிசி, 55 குதிரைத்திறனாக்கி 1961-ல் மினி கூப்பர் என்று விட்டபோது முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கையும் சேர்த்தே விட்டார்கள். இருபத்தோரு குதிரைத்திறன் கூடியதற்கே அப்படி. நாம் நாற்பத்தைந்தைக் கூட்டிவிட்டு பிரேக் பேடை மட்டும் மாற்றுகிறோம்.

உடலும் அப்படியே. 800 தனி சேசிஸ் இல்லாத வண்டி. தகடே அதன் எலும்பு. முன் ஸ்ட்ரட் உட்காரும் இடத்திலும் ஃப்ளோரிலும் துரு இருந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெல்டரிடம் போக வேண்டும். 800-க்கு ஏர்பேக் வந்ததில்லை. அதற்குப் பின் வந்த ஆல்டோ 800-ஐ 2014-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது பெரியவர் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் நட்சத்திரம். அதற்கும் மூத்த கூட்டுக்குள் உட்கார்ந்து 140-ல் போக ஒருவருக்கு ஏன் ஆசை வருகிறது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சொல்லப்போனால் நம் கார் கம்பெனிகளும் எஞ்சின் மாற்றிப் பிழைத்தவைதான். பிரீமியர் 118 என்.இ என்பது ஃபியட் 124 உடலுக்குள் நிசான் எஞ்சினை வைத்த வண்டி. கான்டெஸாவும் அம்பாசடரும் பிற்காலத்தில் இசுசு எஞ்சினோடு வந்தன. அம்பாசடருக்கு அந்த 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது ஐந்து கியர் பெட்டியும் தரையில் வைத்த கியர் கம்பியும் கூடவே வந்தன. எஞ்சினை மட்டும் தனியாக மாற்ற அவர்களுக்கும் முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுதான் இதற்குரியது. ஆர்.சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். ஆர்.சியில் எஞ்சின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, சிசி எல்லாம் இருக்கின்றன. 800-க்குள் 1061-ஓ 1298-ஓ வந்தால் மூன்றும் மாறிவிடும். கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. மாநில விதிகளைக் காட்டித் தப்ப முடியாது என்றாயிற்று. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பழுதான எஞ்சினை எடுத்துவிட்டு அதே வகை எஞ்சினை வைப்பது வேறு விஷயம். அதற்கு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வழி இருக்கிறது. முன்கூட்டியே போய் அனுமதி கேட்பது நல்லது. எஞ்சின் மாறிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சியில் புது எண்ணை ஏற்ற வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. வாங்கிய பில்லும் அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்ற தாளும் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாத எஞ்சின் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் விசாரணை நம் வீட்டு வாசலுக்கு வரும். எஃப்8டியைப் பற்றி நான் மேலே இவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்: சிசி மாறுவதில்லை, சிலிண்டரும் மாறுவதில்லை. அதற்காக அனுமதி தானாக வந்துவிடும் என்று பொருளில்லை. ஆனால் ஆர்.டி.ஓவிடம் பேச ஆரம்பிக்கும்போது கையில் ஏதோ இருக்கும்.

காப்பீட்டையும் மறக்கக் கூடாது. தனியார் கார்களுக்கான மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசி வரை ஒரு விலை, 1000 முதல் 1500 வரை இன்னொரு விலை. எஃப்10டி வைத்த 800 இரண்டாவது தட்டில் ஏறிவிட்டது; ஆனால் பாலிசியில் இன்னும் 796 என்றே இருக்கும். விபத்து நடந்து சர்வேயர் பானெட்டைத் திறக்கும் நாளில் இது வெளியே வரும்.

இத்தனையும் பார்த்தபிறகு சலிப்பாகத் தோன்றும் ஒரு யோசனைக்கு வருகிறேன். "பிக்கப் இல்லை, எஞ்சின் மாற்றணும்" என்று வரும் 800-களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இருக்கிற எஞ்சினுக்கு ஒழுங்கான வேலை. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளப்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டியதுதான். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓட ஓட வந்துகொண்டே இருந்தால் ரிங். எஃப்8பியின் பிளாக் வார்ப்பிரும்பு. போரைக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கூட்டிக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கை கிரைண்ட் செய்து, வால்வு சீட் வெட்டி, ஹெட்டை மட்டம் பார்த்துப் பூட்டினால் எஞ்சின் பிறந்த நாளின் இழுவைக்குத் திரும்பும். தேய்ந்துபோய் முப்பது குதிரைத்திறனுக்குக் கீழே இறங்கிய எஞ்சின் முப்பத்தேழுக்கு வருவதே கையில் ஒரு புது வண்டி மாதிரித் தெரியும். கார்புரேட்டர் சுத்தம், டைமிங் சரிபார்ப்பு, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக்கை விடுவிப்பது, டயர் காற்று என்று காசு அதிகம் கேட்காத வேலைகளும் இதே வரிசையில் உண்டு. ஐந்து கியர் 800-ன் பெட்டி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இது எஞ்சின் மாற்றத்தில் கால்வாசிப் பரபரப்புகூட இல்லாத வேலைதான். ஆனால் வண்டி மறுநாள் காலை வீட்டிலிருந்து கிளம்பி அலுவலகம் போய்ச் சேரும்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த எஞ்சின் வேறொரு இடத்தில் தன்னை நிரூபித்திருக்கிறது. கோவையின் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கை ரேஸ் கார்களில் ஓடியது 800-ன் எஞ்சின்தான். நரேன் கார்த்திகேயன் முதலான ஒரு தலைமுறை அதில்தான் ரேஸ் படித்தது. 796 சிசி போதாது என்று அங்கே யாரும் புலம்பவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த எடை அவ்வளவு குறைவு. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ மட்டும் ஓடப்போகிற, டிரெய்லரில் ஏறிப் போய் டிரெய்லரில் திரும்பி வரும் வண்டி என்றால் ஜி13 வைப்பதற்குப் பொருள் இருக்கிறது. அங்கே ரோல் கேஜ் இருக்கும், ஹெல்மெட் இருக்கும், எதிரே டவுன் பஸ் வராது.

சாலையில் ஓட்டியாக வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டு மாற்றியும் ஆக வேண்டும் என்பவர்களுக்கு 52-ம் பிரிவு திறந்துவைத்திருக்கும் கதவு எரிபொருள் மாற்றம். அனுமதி பெற்ற சி.என்.ஜி, எல்.பி.ஜி கிட் போட்டு ஆர்.சியில் ஏற்றிக்கொள்ளலாம். சக்தி கூடாது, கொஞ்சம் குறையும், செலவு குறையும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களைச் சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை நமக்குத் தெரியும். கம்ப்ரஷன் குறைந்த அந்தக் கால எஞ்சின்கள் அதைத் தாங்கின. 800-ஐ வைத்து அதை முயன்று பார்க்க வேண்டாம். மின்சார மோட்டார் கிட்டும் இதே கதவு வழியாக வரலாம், அந்த மாடலுக்கென்று சோதனை நிலையத்தின் சான்று பெற்ற கிட்டாக இருந்தால். பேட்டரியோடு சேர்த்துப் பார்த்தால் அதன் விலையில் நல்ல நிலையிலுள்ள பழைய 800-கள் ஒன்றுக்கு மேல் வாங்கலாம். எனவே தாத்தாவின் வண்டி, விற்க மனமில்லை என்கிற வீடுகளுக்கு மட்டும்தான் இன்றைக்கு இது கட்டுப்படியாகும்.